காகிதக் கணக்கும் காற்றின் கணக்கும்

பிறர் கொடுத்த பொருளைக் கொண்டு ஒரு பொதுக் காரியத்தைச் செய்பவன் இரண்டு கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். பணம் எவ்வாறு செலவாயிற்று என்பது முதற் கணக்கு. அச்செலவினால் விளைந்த பயன் யாது என்பது இரண்டாவது கணக்கு. முதற் கணக்கை ஏட்டைப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்துவிடலாம். இரண்டாவதோ அத்துணை எளிதன்று. கிணறு வெட்டியதற்குக் கூலிச் சீட்டு உண்டு. கிணற்றில் நீர் ஊறியதா என்பதைக் கயிற்றை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வுண்மை தனி மனிதருக்கும் சங்கங்களுக்கும் மட்டுமன்றி நாடுகளுக்கும் பொருந்துவதாகும். சுற்றுப்புறத்தைக் காக்கும் பொருட்டுச் செல்வ நாடுகள் ஒன்றுகூடி வளரும் நாடுகளுக்குப் பொருளுதவி செய்வது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த வழக்கம். அவ்வுதவியின் பயனை அளக்கும் முறை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எங்கே வழுக்கிற்று, எவ்வாறு மீண்டும் நிமிர்ந்தது என்பவற்றை அறிய விரும்புவோருக்கு, ஓசோன் படலத்தைக் காக்க ஏற்பட்ட நிதியின் வரலாற்றினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

தீங்கற்றதெனப்பட்ட வாயு

ஆதியில் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டையாக்சைடு போன்ற வாயுக்களையே பயன்படுத்தி வந்தனர். அவை நச்சுத் தன்மை உடையவை. கசிந்தால் உயிருக்கே ஊறு விளைவிப்பவை. 1928-ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன அறிஞர் தாமஸ் மிட்ஜ்லியும் அவர்தம் உதவியாளரும் இக்குறையைப் போக்கக் குளோரோபுளோரோகார்பன் என்னும் வாயுவைப் பயன்படுத்த வழி கண்டனர். அது எரியாது, நஞ்சன்று, எளிதில் சிதையாது. ஆகவே குளிர்சாதனப் பெட்டி, குளிரூட்டும் இயந்திரம், மெத்தைகளுக்கான நுரைப்பொருள், வாசனைத் தெளிப்பான் முதலிய பலவற்றுள்ளும் அது புகுந்தது. சி.எஃப்.சி. என்னும் சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது.

அவ்வாயு காற்றில் கலந்த பின் என்னவாகிறது என்று நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கேற்ற கருவியும் இருக்கவில்லை. 1957-இல் ஆங்கில விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக், மிகச் சிறு அளவிலுள்ள பொருளையும் கண்டறியவல்ல நுண்கருவி ஒன்றை அமைத்தார். 1971-இல் அதனைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து தென்துருவக் கடல் நோக்கிப் புறப்பட்டார். ஆலையோ ஊரோ இல்லாத நடுக்கடலிலும் சி.எஃப்.சி. இருக்கக் கண்டார். அதன் அளவு, காற்றின் ஒரு லட்சங்கோடிப் பங்கில் சில பத்துப் பங்கே. ஆயினும், அதனால் தீங்கு எதுவும் இல்லையென்றே 1973-இல் அவர் எழுதினார். அளந்தவருக்கே அளவின் பொருள் அப்பொழுது விளங்கவில்லை.

மறு ஆண்டே அப்பொருளை விளக்கினர் இருவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெர்வுட் ரோலண்டும், மெக்சிக்கோ நாட்டில் பிறந்த மரியோ மொலினாவும் 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம் இது: கீழே சிதையாத இவ்வாயு மெல்ல மேலே ஏறுகிறது, ஆங்கே சூரியனின் புறஊதாக் கதிரால் உடைகிறது, உடைந்து வெளிப்படும் குளோரின் அணு ஒன்று பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கிறது. வானில் உள்ள ஓசோன் முழுவதையும் தரையளவுக் காற்றழுத்தத்தில் அழுத்தித் திரட்டினால் அதன் கனம் 3 மில்லிமீட்டர் அளவே தேறும். அம்மெல்லிய திரையே புறஊதாக் கதிரைத் தடுத்து, தோற் புற்றும் கண் புரையும் பெருகாமலும், பயிர் வாடாமலும் உயிரினங்களைக் காக்கிறது. இவ்விருவருக்கும் பால் குருட்சன் என்னும் அறிஞருக்கும் 1995-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கருத்துக்குச் சான்று 1985-இல் கிடைத்தது. தென்துருவத்தில் ஹாலி என்னுமிடத்திலுள்ள பிரிட்டிஷ் நிலையத்தில் 1950-களின் பிற்பகுதி முதல் ஆண்டுதோறும் ஓசோனை அளந்து வந்தனர். பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்னும் மூவரும் அக்குறிப்புகளை ஆராய்ந்தபோது, அக்டோபர் மாத அளவு 300 அலகிலிருந்து 200-க்கும் கீழே இறங்கியிருக்கக் கண்டனர். இங்கே ஒரு விந்தை உண்டு. அமெரிக்காவின் செயற்கைக் கோளும் அதே வானத்தை அளந்து கொண்டுதான் இருந்தது. ஆனால் 180 அலகுக்குக் குறைந்த அளவுகள் ஐயத்திற்குரியவை என்று ஒதுக்கி வைக்கும்படி அதன் கணக்கு முறை அமைந்திருந்தது. இப்படி நேராது என்று முன்கூட்டியே முடிவு செய்த கணக்கு, நேர்ந்ததை உடனே எடுத்துக் காட்டவில்லை. பழைய கருவியைக் கொண்டு ஆண்டு தவறாமல் அளந்தவர்களே உண்மையை முதலில் உலகுக்குச் சொன்னார்கள்.

உடன்படிக்கையும் நிதியும்

1987 செப்டம்பர் 16-ஆம் நாள் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஐக்கிய நாட்டுச் சுற்றுப்புறத் திட்டத்தின் தலைவராயிருந்த எகிப்திய அறிஞர் முஸ்தபா டோல்பாவின் உழைப்பு இதற்குப் பெருந்துணை புரிந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1989-இல் இதில் சேர்ந்தன. ஆயின் இந்தியாவும் சீனாவும் விலகி நின்றன. அவற்றின் வாதம் நேர்மையானது. வானத்தைக் கெடுத்த வாயுவில் பெரும் பகுதியை வெளியிட்டவை செல்வ நாடுகள். இப்பொழுதுதான் எளிய குடும்பங்கள் குளிர்சாதனப் பெட்டி வாங்கத் தொடங்கும் நாடுகள் அதற்கு ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று அவை கேட்டன.

இக்கேள்விக்கு விடையாகவே 1990 ஜூன் மாதம் இலண்டன் மாநாட்டில் பல்தரப்பு நிதி உருவாயிற்று. வளரும் நாடு ஒன்று பழைய வாயுவைக் கைவிட்டுப் புதிய முறைக்கு மாறுவதால் ஏற்படும் கூடுதற் செலவை இந்நிதி ஏற்கும் என்பது விதி. முதல் மூன்றாண்டுக்கு 16 கோடி டாலர்; இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் மேலும் 8 கோடி டாலர் என்று முடிவாயிற்று. சீனா 1991-இலும் இந்தியா 1992-இலும் சேர்ந்தன. நிதியை ஆளும் செயற்குழுவில் கொடுக்கும் நாடுகளுக்கு ஏழு இடம். பெறும் நாடுகளுக்கும் ஏழு இடம். கொடுப்பவர் கையே ஓங்கியிருக்கும் உலக வழக்கில் இது புதுமையாகும். பெறுபவரும் அவையில் சரிசமமாக அமர்ந்ததனால், கணக்குக் கேட்பது அவமதிப்பு என்ற எண்ணம் பெரும்பாலும் எழவில்லை. பின்னர் இந்நிதியின் வழியே வழங்கப்பெற்ற தொகை 400 கோடி டாலரையும் கடந்தது.

எதை நிறுப்பது?

பணம் வந்தபின் அளவுகோல் வேண்டுமன்றோ? ஓசோனை அழிக்கும் பொருள்கள் பல. அவற்றின் வலிமையும் வெவ்வேறு. எல்லாவற்றையும் வெறும் எடையால் கூட்டினால் கணக்குப் பொய்த்துவிடும். ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். ஆங்கே பாலின் எடையை மட்டும் குறித்துக்கொள்வதில்லை. மெட்ரோலாக் கருவியை இட்டு, அப்பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்த பின்னரே கிராணி பேரேட்டில் எழுதுவார். அதுபோல, சி.எஃப்.சி.-11 என்னும் வாயுவின் அழிக்கும் ஆற்றலை 1 என வைத்து, ஏனையவற்றுக்கு அதனோடு ஒப்பிட்டு மதிப்பிட்டனர். தீயணைக்கப் பயன்படும் ஹேலான்-1301 என்பதன் மதிப்பு 10, எச்.சி.எஃப்.சி.-22 என்னும் குளிர்வாயுவின் மதிப்பு 0.055. எடையை இம்மதிப்பால் பெருக்கி வருவதே கணக்கில் ஏறும் டன்.

அடுத்து, ஒரு நாட்டின் நுகர்வை அளப்பது எங்ஙனம்? ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்தல் இயலாது. ஆகையால், உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து வருவதே நுகர்வு என வரையறுத்தனர். ஆலைகளும் சுங்கச் சாவடிகளும் சிலவே ஆதலின் அவற்றின் ஏடுகளைப் பார்த்தால் போதும். வளரும் நாடுகளுக்கு 1995 முதல் 1997 வரையிலான சராசரியை அடிப்படையாகக் கொண்டு, 1999-இல் அளவு ஏறாமல் நிறுத்த வேண்டும், 2005-இல் பாதியாக வேண்டும், 2007-இல் 85 விழுக்காடு குறைய வேண்டும், 2010-இல் முற்றும் ஒழிய வேண்டும் என்று தவணை வகுத்தனர். நாடுகள் ஆண்டுதோறும் தம் கணக்கை அனுப்பக் கடமைப்பட்டன.

தொடக்கத்தில் நிதியானது ஆலை ஆலையாக உதவிற்று. ஓர் ஆலை புதிய இயந்திரத்தைப் பொருத்தினால், பழைய இயந்திரம் மீண்டும் வேறிடத்தில் சுழலாதபடி அதனை அழித்ததற்கும் சான்று காட்ட வேண்டும். இது நன்முறையே எனினும் ஒரு குறை விரைவில் புலப்பட்டது. உதவி பெற்ற ஆலைகளின் குறைப்பையெல்லாம் கூட்டினாலும், நாட்டின் மொத்த நுகர்வு அந்த அளவுக்குக் குறைய வேண்டுமென்பதில்லை. ஓர் ஆலை நிறுத்தியதை வேறோர் ஆலை தொடங்கக் கூடுமன்றோ?

எனவே 1990-களின் இறுதியில் முறை மாறிற்று. தனித்தனி ஆலையைப் பாராது நாட்டையே பார்ப்பது, ஒவ்வோராண்டும் ஒப்புக்கொண்ட அளவுக்கு இறங்கியதைச் சரிபார்த்த பின்னரே அடுத்த தவணைப் பணத்தை விடுவது என்று வகுத்தனர். 1999-இல் சி.எஃப்.சி. உற்பத்தியை ஒழிக்கச் சீனாவுக்கு 15 கோடி டாலரும், இந்தியாவுக்கு 8 கோடியே 20 லட்சம் டாலரும் தர உடன்பாடாயிற்று. இந்தியாவில் அவ்வாயுவைச் செய்த ஆலைகளுள் ஒன்று தமிழ்நாட்டின் மேட்டூரில் இருந்தது. கணக்காய்வாளர் ஆலையின் உற்பத்தி ஏட்டோடு, மூலப்பொருளான கார்பன் டெட்ராகுளோரைடு எவ்வளவு செலவாயிற்று என்பதையும் ஒப்பிட்டு நோக்கினர். அரிசி எவ்வளவு உலையில் விழுந்தது என்று தெரிந்தால் சோறு எவ்வளவு வெந்தது என்பதை மறைக்க முடியாது. சீனா 2007-இலும் இந்தியா 2008-இலும், குறித்த காலத்துக்கு முன்னரே, சி.எஃப்.சி. உற்பத்தியை நிறுத்திவிட்டதாக அறிவித்தன. 2009-இல் அப்போதைய ஐக்கிய நாட்டுச் சபை உறுப்பு நாடுகள் அனைத்தும் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டன. 2010-இல் காகிதக் கணக்கு நிறைவெய்திற்று.

காற்று சொன்ன சாட்சி

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் நாற்பது பேர் வந்ததாகக் கோடு இழுத்திருக்கலாம். ஆய்வாளர் வகுப்பறையுள் நுழைந்து தலைகளை எண்ணினால்தான் பதிவேடு மெய்யா என்பது தெரியவரும். ஓசோன் நிதியின் வரலாற்றிலும் அவ்வாறு தலையெண்ணும் ஏற்பாடு ஒன்று, நிதிக்கும் உடன்படிக்கைக்கும் முன்பே தோன்றியிருந்தது. 1978 முதல் அயர்லாந்து, பார்படோஸ், சமோவா, டாஸ்மேனியா முதலிய தொலைவிடங்களில் விஞ்ஞானிகள் காற்றிலுள்ள இவ்வாயுக்களை இடைவிடாது அளந்து வந்தனர். அமெரிக்க அரசின் நிலையங்களும், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலை உட்பட, தனியே அளந்தன. இவர்கள் எந்த ஆலைக்கும் பணம் கொடுத்தவரல்லர். எந்த நாட்டின் அறிக்கைக்கும் பொறுப்பேற்றவரல்லர். அவர்களுக்குக் காற்றே ஏடு.

சி.எஃப்.சி.-11 வாயுவின் அளவு 1990-களின் நடுவில் உச்சத்தை எட்டி, லட்சங்கோடிக்கு 270 பங்கை ஒட்டி நின்று, பின் இறங்கத் தொடங்கிற்று. அது காற்றில் சுமார் 50 ஆண்டு நிலைக்கும் தன்மையது. ஆதலால் உற்பத்தி நின்றாலும் இறக்கம் மெல்லவே நிகழும். அவ்விறக்கத்தின் வேகத்தையும் முன்கூட்டியே கணித்திருந்தனர். 2018 மே மாதம் ஸ்டீபன் மாண்ட்ஸ்கா என்பவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சி உலகைத் திடுக்கிடச் செய்தது. 2012-க்குப் பின் இறக்கத்தின் வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது என்பதும், ஆண்டுக்குச் சுமார் 13,000 டன் வாயு புதிதாக எங்கிருந்தோ வெளிப்படுகிறது என்பதும், அது கிழக்காசியப் பகுதியாக இருக்கக்கூடும் என்பதும் அதன் முடிவுகள். எல்லா நாடுகளின் கணக்கிலும் உற்பத்தி ஏறத்தாழச் சுழி; காற்றின் கணக்கிலோ சுழியன்று.

அதே ஆண்டில், இலண்டனைச் சேர்ந்த சுற்றுப்புறப் புலனாய்வு அமைப்பு ஒன்று, சீனாவின் 10 மாகாணங்களில் 18 நிறுவனங்கள் நுரைப்பொருள் செய்ய இவ்வாயுவைப் பயன்படுத்துவதை ஒப்புக்கொண்டதாக அறிக்கை வெளியிட்டது. 2019-இல், கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள கோசான் நிலையத்திலும் ஜப்பானின் ஹத்தெருமா தீவிலும் எடுத்த அளவுகளைக் கொண்டு, கிழக்குச் சீனாவின் ஷான்டோங், ஹெபெய் மாகாணப் பகுதியிலிருந்தே ஆண்டுக்குச் சுமார் 7,000 டன் கூடுதலாக வெளிப்பட்டது என்பதை விஞ்ஞானிகள் நிறுவினர். மாற்று வாயுவினும் பழையது மலிவாகவும் எளிதாகவும் இருந்ததே மறைவான உற்பத்திக்குக் காரணம் என்பர். சீன அரசு ஆலைகளைச் சோதித்து, சட்டத்துக்குப் புறம்பான உற்பத்தி சிலவற்றைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தது. 2021-இல் வெளியான ஆராய்ச்சிகள், 2019-ஆம் ஆண்டளவில் உலகக் கசிவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதைக் காட்டின.

இந்நிகழ்ச்சியிலிருந்து நிதியின் கணக்காய்வு முழுவதும் பொய் என்று கொள்வது தவறு. உரிமம் பெற்ற ஆலைகளை அக்கணக்கு ஒழுங்காகவே பார்த்தது. ஆனால் ஏட்டில் இல்லாத ஆலையை ஏட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அஃது அக்கணக்கின் எல்லை. அவ்வெல்லைக்கு அப்பால் கண்டது காற்றை அளந்த கருவி.

அளவே ஆசையாகும்போது

மற்றொரு படிப்பினையும் இவ்வரலாற்றின் பக்கத்திலேயே உண்டு. எச்.சி.எஃப்.சி.-22 செய்யும்போது எச்.எஃப்.சி.-23 என்றொரு வாயு கழிவாகப் பிறக்கிறது. அது ஓசோனைத் தொடுவதில்லை; ஆனால் உலகைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல் 11,700 மடங்கு வலியது என்று கியோட்டோ உடன்படிக்கையின் கணக்கில் மதிப்பிட்டனர். அவ்வுடன்படிக்கையின் கீழ், வளரும் நாட்டு ஆலை ஒன்று இக்கழிவை எரித்து அழித்தால், அழித்த அளவுக்கு நற்சான்றுச் சீட்டுப் பெறலாம். அதனைச் செல்வ நாடுகளுக்கு விற்கலாம். இவ்வாறு 19 ஆலைகள் பதிவாயின. அவற்றுள் 11 சீனாவிலும் 5 இந்தியாவிலும் இருந்தன.

அளவு துல்லியமானதே, அழித்த வாயு மெய்யாகவே அழிந்தது. ஆனால் அழிக்கும் செலவைப் போல் பன்மடங்கு விலை சீட்டுக்குக் கிடைத்தது. கழிவை விற்றுப் பணம் வருமாயின் கழிவைக் குறைக்க எவர் முன்வருவர்? எலி வாலுக்குக் காசு கொடுத்தால் எலி வளர்ப்பாரும் உண்டாவர். சில ஆலைகள் சீட்டுக்காகவே கழிவை மிகுவித்தன என்ற குற்றச்சாட்டு 2010-இல் வலுத்தது. விதிகள் திருத்தப்பட்டன, 2013-இல் ஐரோப்பியச் சந்தை இச்சீட்டுகளுக்குக் கதவை அடைத்தது. பின்னர் 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் செய்த திருத்தம், இவ்வாயுவை அழிப்பதை விற்பனைச் சரக்காக வையாது கடமையாக்கிற்று.

அதன் பின்னும் காற்று ஒரு முறை வாய் திறந்தது. நாடுகள் அறிவித்த குறைப்பு மெய்யாயின் 2017-ஆம் ஆண்டளவில் எச்.எஃப்.சி.-23 கசிவு வெகுவாக வீழ்ந்திருக்க வேண்டும். ஆனால் 2018-இல் அஃது அதுவரை கண்டிராத உச்சமாக, ஏறத்தாழ 16,000 டன்னாக இருந்ததை 2020-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

வரலாறு தரும் பாடம்

இவ்வளவும் கூறியபின், பெரும் பயன் விளைந்ததையும் மறக்கலாகாது. 2020-களின் தொடக்கத்தில் சி.எஃப்.சி.-11 லட்சங்கோடிக்கு 220 பங்கை ஒட்டி இறங்கிவிட்டது. உடன்படிக்கை நன்கு நிறைவேறி வந்தால், ஓசோன் படலம் 1980-இல் இருந்த நிலைக்கு உலகின் பெரும்பகுதியில் 2040-ஐ ஒட்டியும், வடதுருவத்தில் 2045-ஐ ஒட்டியும், தென்துருவத்தில் 2066-ஐ ஒட்டியும் மீளும் என்று 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே அளவுகோலை ஒப்புக்கொண்டதன் விளைவு இது.

இவ்வரலாற்றினின்று மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, எதை அளப்பது என்பதைப் பணம் செலவாகுமுன்னரே முடிவு செய்தல் வேண்டும். 1987-க்கு முந்திய அளவுகள் இல்லையேல் பிந்திய மாற்றத்தை அறிய வழியே இராது. இரண்டாவது, பயனுக்குப் பொறுப்பானவர் எழுதும் கணக்கோடு, பொறுப்பற்று விலகி நிற்போர் எடுக்கும் அளவும் வேண்டும். மூன்றாவது, அளவுக்கு விலை வைக்கும்போது அவ்விலை மனித ஆசையை எத்திசையில் தள்ளும் என்பதை ஆராய்தல் வேண்டும்.

இரண்டாவது உண்மை இந்நாட்டவருக்குத் தனிப் பொருளுடையது. ஜேஜு தீவில் ஒரு கருவி இருந்தமையால் கிழக்குச் சீனாவின் கசிவு தெரிந்தது. சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் காற்றாராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. ஆயினும் வெப்பமண்டல நாடுகளிலும், ஆப்பிரிக்காவிலும், தென்னமெரிக்காவிலும், தெற்காசியாவின் பெரும்பகுதியிலும் இத்தகைய நிலையங்கள் மிகச் சிலவே. கருவி இல்லாத திசையில் குற்றம் இல்லை என்று சொல்ல எவராலும் இயலாது. குற்றமற்றவன் தன் நேர்மையை மெய்ப்பிக்கவும் இயலாது. கருவி குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பதற்கு மட்டும் உரியதன்று. வாக்கைக் காத்தவனுக்குச் சாட்சியாக நிற்பதற்கும் உரியது.

இன்று காடு வளர்க்கவும், கடற்கரை காக்கவும், புகைக் கரியைக் குறைக்கவும் அனைத்துலக நிதிகள் பல எழுந்துள்ளன. நட்ட மரத்தின் தொகை அறிக்கையில் ஏறுவது எளிது. ஐந்தாண்டு கழித்து நிற்கும் மரத்தை எண்ணுவதே பயன் காணும் வழி. ஆதலின் நிதி வழங்கும் நாளிலேயே, எண்ணுவதற்கு உரிய ஆளையும் கருவியையும் காலத்தையும் அந்நிதிக்குள் ஒதுக்கி வைத்தல் வேண்டும். ஹாலி நிலையத்தில் பயன் கருதாது ஆண்டுதோறும் வானத்தை அளந்து குறித்து வைத்தவர்கள் உலகுக்குக் கற்பித்த பாடம் அதுவே.